வண்டல் எடுக்கும் முன், பறவை கிளம்பும் முன்: பங்குனியில் ஏரிக்குச் செய்ய வேண்டியவை

கலங்கல் | மார்ச் 2, காலை 6.40

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்ததும் பலர் தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வலசைப் பறவைக்கு ஏரி மிகவும் தேவைப்படுவது அதற்கப்புறம்தான்: மாசிக் கடைசியிலிருந்து சித்திரைப் பாதி வரை. அந்த ஆறேழு வாரத்தைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

நீர் வற்ற வற்ற உள்வாயில், அதாவது ஏரிக்குள் நீர் நின்ற பரப்பில், தினமும் புதுச் சேறு வெளியே வருகிறது. அதில் இரத்தப்புழு, சிறு நத்தை, மண்புழு. கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவையின் எடை 20 முதல் 30 கிராம்தான். அது போய்ச் சேர வேண்டிய இடம் சைபீரியத் துந்திரா. கிளம்பும் முன் தோலுக்கடியில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். கரைப்பறவைகளில் சில தம் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொண்டே பறக்கின்றன. துந்திராவில் கோடை குறுகியது. இங்கே இரை கிடைக்காமல் பத்து நாள் தாமதித்த பறவைக்கு அங்கே குஞ்சு பொரித்து வளர்க்க நாள் போதாமல் போய்விடும்.

எல்லாம் ஒரே நாளில் கிளம்புவதில்லை. ஊசிவால் வாத்து மார்ச் நடுவிலேயே குறைந்துவிடும். நீலச்சிறகி ஏப்ரலிலும் கொஞ்சம் தங்கும். சூறைக்குருவிகள் இலவமும் கல்யாண முருங்கையும் பூத்து ஓய்ந்த பிறகு ஏப்ரலில் போய்விடும். உள்ளான்கள் சில மே முதல் வாரம் வரை நிற்கும்.

இதே வாரங்களில்தான் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் குவிகின்றன, பொக்லைனும் இறங்குகிறது. உலக வலசைப் பறவைகள் நாள் மே மாத இரண்டாவது சனிக்கிழமை. நம் ஏரிகளுக்கு அது மிகத் தாமதம். நமக்கு உதவும் நாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. அதற்கு இன்னும் 20 நாள் இருக்கிறது. கணக்கு, ஆவணம், தீர்மானம் மூன்றையும் அதற்குள் முடிக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவளக்காலி | மார்ச் 2, காலை 9.15

கணக்கைப் பற்றி நான் சொல்கிறேன். "ஏராளமான பறவைகள் வருகின்றன" என்று எழுதின மனு எந்த மேசையிலும் நிற்காது. எந்த மூலையில், எந்தத் தேதியில், எத்தனை, எவ்வளவு ஆழத்தில் என்று இருக்க வேண்டும்.

ஏரியைச் சுற்றி மூன்று அல்லது நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் வரை அதே இடங்கள்தான். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். அதனால் காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். நேரம் 6.15 முதல் 8.30. அதற்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழும்பி 80 மீட்டருக்கு அப்பால் கால் நிறம்கூடத் தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் அசையாமல் 15 நிமிடம். ஐந்து நாளுக்கு ஒரு முறை போனால் மார்ச் 22-க்குள் நான்கு கணக்கு கிடைக்கும்.

கூட்டமாக இருந்தால் முதலில் ஒன்றொன்றாகப் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவு இடம் எத்தனை வருகிறது என்று கூட்டத்தின் மேல் ஓட்டுங்கள். 500-க்கு மேல் என்றால் பத்துக்குப் பதில் ஐம்பது. ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் இடைவிட்டும் நிற்பதால் ஒரே அளவுகோலை முழுக் கூட்டத்துக்கும் போட்டால் தப்பு வரும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ண வேண்டும்.

ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றும்போது எண்ணுக்குப் பதில் எக்ஸ் போடாதீர்கள். "இருந்தது" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. தோராயமாக 140 என்று போட்டால்கூடப் பயன் உண்டு. பார்த்த எல்லா இனங்களையும் எழுதிய முழுப் பட்டியலாக இருக்கட்டும், ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பட்டியல்.

மார்ச்சில் கூடுதலாக ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிறம் மாறிய பறவை எத்தனை. ஜனவரியில் சாம்பலாக நின்ற வளைமூக்கு உள்ளானின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் வரும். பொன்னிற உப்புக்கொத்திக்கு மார்பிலிருந்து வயிறு வரை கறுப்பு ஏறும். மீசை ஆலாவுக்குத் தலையில் கறுப்புத் தொப்பி, வயிறு கருஞ்சாம்பல். "20-இல் 13-க்கு நிறம் மாறியிருந்தது" என்ற ஒரு வரி, அவை கூடுகட்டும் நாட்டுக்குக் கிளம்பத் தயாராகின்றன என்பதற்கு நேரடிச் சான்று. வனத்துறை அலுவலருக்கு இது உடனே புரியும்.

தப்பு அதிகம் நடப்பது கொசு உள்ளானில். டெம்மிங்க் கொசு உள்ளான் கால் மஞ்சள் கலந்த பச்சை, முதுகு வெறும் பழுப்பு. கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, மார்ச் கடைசியில் இறகோரங்களில் செம்மை வரும். கால் முழுக்கச் சேறு அப்பியிருந்தால் நிறத்தை நம்பாதீர்கள், முதுகைப் பாருங்கள்.

தாழைக்கோழி | மார்ச் 2, பகல் 1.05

ஆழத்தை எப்படி அளப்பது? நாம் சேற்றில் இறங்கினால் பறவை எழும்பிவிடுமே.

பவளக்காலி | மார்ச் 2, பகல் 1.40

இறங்க வேண்டாம். பறவையின் காலே அளவுகோல். கொசு உள்ளான் கணுக்கால் நனைய நிற்கிறது என்றால் நீர் 2, 3 செ.மீ. நெடுங்கால் உள்ளானுக்கு முழங்கால் மூட்டு வரை நனைந்திருந்தால் ஒரு சாணுக்குள். வாத்து தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கினால் அது கழுத்து எட்டும் ஆழம், ஏறக்குறைய ஒரு முழத்துக்குள். இதைக் கணக்கோடு சேர்த்து எழுதுங்கள். சிறிய உள்ளான்களுக்கு 5 செ.மீ.க்கு மேல் நீர் நின்றால் அந்த இடம் பயனில்லை. மனுவின் மொத்த வாதமும் இந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

கரையோரம் ஒரு மூங்கில் குச்சியில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு நட்டுவிட்டால் வாரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்றும் தெரியும். பறவைகள் போன பிறகு, சாயங்காலமாக நடுங்கள்.

ஆயக்கட்டுக்காரர் | மார்ச் 2, இரவு 8.20

எல்லாம் சரி. ஆனால் "வண்டல் எடுப்பதைத் தடை செய்" என்று மனுவில் ஒரு வரி எழுதினால் அன்றைக்கே ஊர் உங்களுக்கு எதிராகப் போய்விடும், அது நியாயமும்கூட. வண்டல் வயலுக்கு உரம். தூர் எடுக்காத ஏரி மேடாகிக் கடைசியில் பறவைக்கும் ஆகாது. சண்டை வண்டலோடு இல்லை. எங்கே, எப்படி, எவ்வளவு என்பதோடுதான்.

மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்.

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுகிற பள்ளத்தில் நிற்கும் நீர் ஒரு வயலுக்கும் பாயாது. அது மதகு வழியே வெளியேறவே முடியாது. பொக்லைன் செங்குத்தாக ஆறடி ஏழடி வெட்டுகிறதே, அது கொள்ளளவைக் கூட்டினதாகக் கணக்கில் வரும், பாசனத்தில் வராது. அதோடு கோடையில் மிச்ச நீரெல்லாம் அந்தக் குழிக்குள் போய் இறங்கிவிடும். சுற்றியுள்ள சேறு நாலே நாளில் காய்ந்து வெடிக்கும். உள்ளான் நின்ற இடத்தில் பாளம்தான் இருக்கும். மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கவும் சரிவு இருக்காது, மழைக்காலத்தில் ஆழம் தெரியாமல் பிள்ளைகள் விழுகிற குழியும் அதுதான். இப்படிச் சொன்னால் விவசாயி தலையாட்டுவார்.

அடுத்தது, நயமான வண்டல் கரையோரம், மதகுப் பக்கம் ஆழத்தில்தான் படியும். வரத்து வாய்க்கால் ஏரிக்குள் நுழைகிற பக்கம் படிவது மணலும் சவுடும். வயலுக்கு மண் வேண்டும் என்று அனுமதி வாங்கி, லாரி போய் நிற்பது வாய்க்கால் முகத்தில் என்றால், அந்த மண் வயலுக்குப் போகவில்லை, மனைக்கு நிரப்பப் போகிறது என்று அர்த்தம். பறவைகள் நிற்கும் ஆழமில்லாத உள்வாயும் அதே பக்கம்தான். ஆகவே "உள்வாயின் மேல்முனையை விட்டுவிடு, மதகுப் பக்கம் எடு" என்பது விவசாயிக்கும் பறவைக்கும் ஒரே கோரிக்கை. ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது, கரை சரியும்.

கடைசியாக அளவு. சிறுகனிமச் சலுகை விதிகள் 1959, விதி 12(2)-இன்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் நடை. புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 நடை. மண்பாண்டத் தொழிலுக்கு 60, வீட்டுத் தேவைக்கு 30. 2024 ஜூலை முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். விண்ணப்பித்தவர்களின் நிலப் பரப்பைக் கூட்டி 75-ஆலோ 90-ஆலோ பெருக்குங்கள். வெளியே போகிற நடைகள் அதைத் தாண்டினால் சட்டமீறல் கணக்கிலேயே தெரிந்துவிடும். டிராக்டருக்குப் பதில் பத்துச் சக்கர லாரி வந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

நத்தம்_புறம்போக்கு | மார்ச் 3, காலை 7.30

சட்டத்தில் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு கல் இருக்கிறது, அதை முதலில் காட்டிவிடுகிறேன். மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "ஈரநிலங்கள் (பாதுகாப்பும் மேலாண்மையும்) விதிகள் 2017"-ஐப் போடுகிறார்கள். அந்த விதியில் ஈரநிலம் என்பதற்கான விளக்கத்திலேயே பாசனத்துக்காக வெட்டப்பட்ட நீர்நிலை, குடிநீருக்காக வெட்டப்பட்டது, உப்பளம், நெல்வயல் எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன. நம் ஏரிகளில் பெரும்பாலானவை பாசன ஏரிகள். ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநில உடன்படிக்கைப் பட்டியலில் இருந்தாலோ தனியாக அறிவிக்கப்பட்டிருந்தாலோ ஒழிய, "இது எங்களுக்குப் பொருந்தாது" என்ற ஒற்றை வரிப் பதிலோடு மனு திரும்பி வரும். கரைவெட்டி, வடுவூர் போன்றவை பாசன ஏரிகளாக இருந்தும் பாதுகாப்புப் பெற்றிருப்பதற்குச் சரணாலயம், ராம்சார் என்ற தனி அறிவிப்புகள்தான் காரணம். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி நிலவரப்படி ராம்சார் தலம் 20. மற்ற ஆயிரக்கணக்கான ஏரிகளுக்கு வேறு வழி தேட வேண்டும்.

அந்த வழிகள்:

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறை ஏரிக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்றுவது அதிகாரியின் கடமை என்று அதில் உண்டு. ஒன்றிய ஏரிக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். தப்பான துறைக்கு அனுப்பிய மனு மூன்று மாதம் சுற்றிவிட்டுத்தான் வரும், அதற்குள் பறவையும் இருக்காது, மண்ணும் இருக்காது.

அடுத்தது உச்ச நீதிமன்றம். 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாக விண்வெளித்துறை வரைபடத்தில் குறித்த 2,01,503 ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்று 2017-இல் உத்தரவிட்டது. உங்கள் ஏரி அந்த வரைபடத்தில் இருந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஈரநிலக் குழுவுக்கு இந்த உத்தரவைச் சுட்டி எழுதலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும், ஆகவே மார்ச் 22-க்கு வராது, ஆனால் சித்திரைக்கு வேண்டும். கேட்க வேண்டியவை: அ-பதிவேட்டில் (வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடு) ஏரியின் புல எண்களும் வகைப்பாடும், புலப்பட நகல், முழுக் கொள்ளளவு மட்டம், மதகின் அடிமட்டம், கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) மட்டம், இந்த ஆண்டு வண்டல் அனுமதி பெற்றவர்களின் எண்ணிக்கை, மொத்தக் கன அளவு, எந்தப் புல எண்ணில், என்ன ஆழம் வரை, எந்தத் தேதி வரை. "ஏன் அனுமதித்தீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தில் இடமில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயம் கடைசி வழி. தென்மண்டல அமர்வு சென்னையில். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். பிரிவு 14-இல் போனால் பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இன்னொன்று, காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 அந்தத் தீர்ப்பாயத்தின் பட்டியலில் கிடையாது. பறவைச் சட்டத்தை மட்டும் வைத்து மனு போட்டால் நிற்காது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, நீர் மாசுச் சட்டம் 1974 இவற்றின் மீறலாகத்தான் எழுத வேண்டும்.

தாழைக்கோழி | மார்ச் 3, காலை 10.50

கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்மையில் வலு உண்டா? படித்துவிட்டு வைத்துவிடுவார்கள் என்கிறார்களே.

உள்வாய் | மார்ச் 3, பகல் 12.10

அரிட்டாபட்டியைப் பாருங்கள். மதுரைப் பக்கம், 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்தது. அதே மாதக் கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் தனியாக ரத்து செய்ய வைக்கவில்லை, மக்கள் திரண்டார்கள். ஆனால் ஊரின் நிலைப்பாடு எழுத்தில், எண்ணோடு, தேதியோடு இருந்தது.

தீர்மானம் வீணாவது பெரும்பாலும் வாசகத்தில்தான். "ஏரியைப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"இவ்வூராட்சி, புல எண் … பெரிய ஏரியின் மேற்கு உள்வாயில் மார்ச் 3, 8, 13, 18 ஆகிய நாள்களில் காலையில் எடுத்த கணக்கின்படி வலசைப் பறவைகள் இரை தேடுவது உறுதியானதால், (அ) இணைப்பு வரைபடத்தில் நிழலிட்ட பகுதியில் வண்டல், சவுடு எடுக்க அனுமதி வழங்கக் கூடாது; (ஆ) மற்ற பகுதியில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, வெட்டும் ஓரம் 1-க்கு 5 என்ற சரிவில் முடிக்கப்பட வேண்டும்; (இ) பணி தொடங்குமுன் நீர்வளத்துறை உதவிப் பொறியாளர் எல்லைக் கல் நட்டு ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என இச்சபை ஒருமனதாகத் தீர்மானிக்கிறது."

வாசகத்தை ஒரு வாரம் முன்பே தலைவரிடமும் செயலரிடமும் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் திடீரென்று எழுந்து பேசினால் பதிவேட்டில் ஏறாது. ஆயக்கட்டு விவசாயி ஒருவர் முன்மொழிந்தால் நல்லது. கூட்டம் கலையும் முன் தீர்மான எண்ணைக் கேட்டு, எழுதின பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வாங்கிய பிறகு வாசகம் சேர்க்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் மார்ச் கூட்டம் நடக்காமல் போகலாம், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும் நிற்கும். அப்படிப்பட்ட ஆண்டில் ஜனவரி 26 கூட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

கலங்கல் | மார்ச் 3, மாலை 5.30

உள்வாய் சொன்னதோடு ஒன்று. தீர்மான நகலை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். திங்கட்கிழமை மனு ஒரு துறைக்குத் தள்ளப்படும். விவசாயிகள் கூட்டத்தில் ஆட்சியர் முன்னால் நீர்வளத்துறை, வருவாய், கனிமவளம் மூவரும் ஒரே மேசையில் இருப்பார்கள், "அது அவர்கள் வேலை" என்று சொல்ல முடியாது.

நகரத்து ஏரிகளுக்கு வேறு ஆபத்து: அழகுபடுத்துதல். சுற்றி நடைபாதை, கம்ப விளக்கு, படகு, நடுவில் மண் தீவு, கரை முழுக்க மரம். நோக்கம் நல்லதாகவே இருக்கும், ஆனால் கரைப்பறவைக்குத் திறந்த வெளி வேண்டும். வல்லூறு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாத இடத்தில் அது இறங்காது. நடைபாதைக்காகக் கரையைக் கல் பதித்துச் செங்குத்தாக்கினால் அந்த ஐந்து சென்டிமீட்டர் நீர் எங்கேயும் இருக்காது. திட்டத்தை நிறுத்தச் சொல்வதைவிட, நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தைப் பாதையும் விளக்கும் மரமும் இல்லாமல் விடச் சொல்லுங்கள். விளக்கு கட்டாயம் என்றால் இடுப்பளவு உயரத்தில், மேல்பக்கம் மூடிய, மஞ்சள் ஒளி விளக்கு. வலசை இரவில் நடக்கிறது, வானத்தைப் பார்த்து எரிகிற வெள்ளை விளக்கு பறவையைத் திசை மாற்றும்.

தாழைக்கோழி | மார்ச் 4, காலை 6.55

சீமைக்கருவேலத்தை மொத்தமாக வெட்டச் சொல்லலாமா?

பவளக்காலி | மார்ச் 4, காலை 8.00

மொத்தமாக வேண்டாம். ஏரிக்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டியிருந்தால், குஞ்சு பறந்த பிறகு மூன்றில் ஒரு பங்காக, மூன்று ஆண்டில் எடுக்கலாம். முதல் ஆண்டே நாட்டுக் கருவேலம் நட வேண்டும். உள்வாயின் திறந்த சேற்றுப் பக்கம் முளைத்த கன்றுகளை மட்டும் தயங்காமல் பிடுங்கலாம், வேரோடு.

ஆயக்கட்டுக்காரர் | மார்ச் 4, இரவு 7.45

கேள்வி ஒன்று. உள்ளான் பெரும்பாலும் போன பிறகு, ஏப்ரல் கடைசியில் அந்த மேல்முனையிலும் எடுக்கலாம் என்று சமரசம் பேசினால் ஒப்புக்கொள்ளலாமா? சில ஊரில் அதைத்தான் கேட்பார்கள்.

பவளக்காலி | மார்ச் 4, இரவு 9.10

பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வலசை போனதும் காய்ந்த அதே தரையில், இங்கேயே தங்கிவிடும் ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றும் இருக்காது. மாட்டுக் குளம்புத் தடத்திலோ பாளத்தின் நடுவிலோ நாலு முட்டை, கூர்முனை உள்நோக்கி. மண் நிறத்தில் கரும்புள்ளி, இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது. டிராக்டர் ஓட்டுநருக்குத் தெரிய வழியே இல்லை.

தரையில் நடந்து தேட வேண்டாம். கரையில் நின்று பாருங்கள். ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. நீங்கள் 150 மீட்டர் பின்வாங்கி அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் அது திரும்பிப் போய் உட்காரும் இடம் தெரியும். அந்த இடத்தை இணையத்தில் போடாதீர்கள், படம் எடுக்கக் கூட்டம் வரும். வெயிலில் பறவை பத்து நிமிடம் எழுந்து நின்றாலே முட்டை வெந்துவிடும். ஊராட்சிச் செயலரிடமும் பொறியாளரிடமும் மட்டும் சொல்லுங்கள்.

ஆட்காட்டி 28 முதல் 30 நாள் அடைகாக்கும், நெடுங்கால் உள்ளானுக்கு 25 நாள் சுமார். குஞ்சு பொரித்த அன்றே நடக்கும், ஆனால் பறக்க ஒரு மாதமாகும். ஏப்ரல் 20-இல் உட்கார்ந்த பறவையைப் பார்த்தால் அந்தப் பகுதிக்கு ஜூன் நடு வரை வண்டி போகக் கூடாது. சமரசம் பேசுவதென்றால் தேதியை வைத்துப் பேசாமல் "கடைசிக் குஞ்சு பறந்த பிறகு" என்று எழுதி வாங்குங்கள்.

ஆயக்கட்டுக்காரர் | மார்ச் 4, இரவு 9.35

ஜூன் நடு என்றால் ஆடி விதைப்புக்கு முன் வண்டல் வயலுக்கு வந்துவிடும். ஒப்புக்கொள்வார்கள். தீர்மான வாசகத்தில் (ஈ) என்று சேர்த்துவிடுகிறேன், நாளை செயலரிடம் கொடுக்கும் முன் இங்கே போடுகிறேன்.